நாடகம் படிச்சா என்ன வேலை?

சாமை அடித்து ஓய்ந்த களம். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிய ஒரு பையன் வலது காலை ஊன்றிச் சுழல்கிறான். மூன்று, நான்கு, ஐந்து... ஏழாவது சுற்றில் கால் பின்னி, போரில் போய்ச் சாய்கிறான். ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் அவனுடைய தாய்மாமன் பீடியைத் தரையில் தேய்த்து அணைக்கிறார். "கண்ண ஒரே எடத்துல நிறுத்துடா. ஒடம்புதான் சுத்தணும், கண்ணு சுத்தக்கூடாது." கூத்துக்காரர்கள் 'கிறிகி' என்று சொல்லும் சுழற்சி அது. திரை விலகியதும் வேடக்காரன் இப்படிச் சுழன்றுதான் சபைக்கு வருவான். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, இடுப்பைச் சுற்றிக் கனத்த உடுப்பு, அத்தனையோடும். பையனுக்கு இப்போது துண்டு மட்டும்தான் பாரம். அதற்கே தலை சுற்றுகிறது.

ஊர் காவலூர். ஆலங்காயத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை இங்கே வரும்போது காற்று மாறிவிடும். மரங்களுக்கு மேலே வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் கூரை தெரிகிறது. இருட்டான வானம் வேண்டும் என்று தேடித்தான் 1960களில் ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1968இல் சிறிய தொலைநோக்கி ஒன்று இங்கே வேலையைத் தொடங்கியது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வானத்தைப் பற்றிய படிப்பு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த மலைக்கு ஏறி வந்துவிட்டது. களத்தில் சுழலும் பையனுக்கு வேண்டிய படிப்புக்கு அவன்தான் மலை இறங்கிப் போக வேண்டும்.

அவன் திருப்பத்தூரில் தமிழிலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: "அண்ணா, இதையே படிக்கிறதுக்கு யுனிவர்சிட்டி இருக்குதாமே, நெசமா?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், முறத்தோடு வாசலில் நின்ற அவன் அம்மா கேட்டார்: "படிச்சா என்ன வேல சார் குடுப்பாங்க?"

மகனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரை அம்மாவின் கேள்விக்கானது.

மாடிப்படி போர்டு

காவலூரில் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை இது. செல்போனிலேயே குறும்படம் எடுத்துவிடலாம் என்ற காலம். சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த விஜய் சேதுபதி முன்னணி நாயகனான கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிளஸ் டூ முடிவு வந்த வாரம் 'நடிப்பு படிக்கப் போறேன்' என்று ஒரு பிள்ளை சொல்வதும், வீட்டில் சோறு இறங்காமல் போவதும் இன்று பல தெருக்களில் நடக்கிறது.

பெற்றோர் கண்முன் உடனே வருவது சாலிகிராமம், வடபழனிப் பக்கத்து மாடிப்படிகளில் தொங்கும் 'நடிப்புப் பயிற்சி' போர்டுதான். சில மாதப் பயிற்சி, கேமரா முன் நான்கு காட்சி, ஒரு ஆல்பம், கடைசியில் 'வாய்ப்பு வந்தா கூப்பிடுறோம்'. பல்கலைக்கழகத்தில் நாடகம் படிப்பதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே நடிப்பு ஒரு பகுதிதான். எழுத்து, இயக்கம், ஒளியமைப்பு, அரங்கப் பொருள், ஒப்பனை, உடை, நாடக வரலாறு எல்லாம் சேர்ந்தது அது. நான்கு சுவரும் பத்துப் பேரும் கிடைத்தால் ஒரு நாடகத்தை முதல் வரியிலிருந்து கடைசி விளக்கு அணைவது வரை செய்து முடிக்கத் தெரிந்தவரை உருவாக்குவதுதான் அதன் நோக்கம். இந்த வேறுபாட்டைப் பெற்றோருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

கம்பெனியிலிருந்து துறைக்கு

தமிழ்நாட்டில் நடிப்புப் பள்ளி புதிதல்ல. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகப் போய்ச் சேர்ந்த இடம் அது. பாட்டு, வசனம், சோறு, தூக்கம் எல்லாம் நாடகக் கம்பெனி வீட்டில்தான். பரிதிமாற்கலைஞர் 1897இலேயே 'நாடகவியல்' என்று இலக்கண நூல் எழுதிவிட்டார். ஆனால் பல்கலைக்கழகக் கதவு திறக்க இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின.

திருப்பம் 1977. அந்த ஓர் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. சென்னையில் எழுத்தாளர் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். திருச்சூரில் ஜி. சங்கரப்பிள்ளை தலைமையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி பிறந்தது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில், தில்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்துத் திரும்பிய நாங்குநேரிக்காரர் சே. இராமானுஜம் முன்னின்று பெரியதொரு நாடகப் பயிலரங்கு நடத்தினார். அங்கே மூண்ட நெருப்பு பல ஊர்களுக்குப் பரவியது. மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கம் அடுத்த ஆண்டே எழுந்தது. 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தபின் அதன் நாடகத்துறையில் இராமானுஜமும் மு. இராமசாமியும் ஆசிரியர்களானார்கள். 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதியின் பொறுப்பில் நாடகப் பள்ளி உருவானது. அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். 1922இல் சுவாமிகள் கண்மூடியது புதுவையில்தான்.

■ எங்கே படிக்கலாம்?

புதுவைப் பல்கலைக்கழகம்: நிகழ்த்துகலைப் பிரிவில் நாடகக் கலைக்கு 2 ஆண்டு முதுகலை. எந்தப் பட்டம் முடித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் பழங்குடியினருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு.

தமிழ்ப் பல்கலைக்கழகம், தஞ்சாவூர்: நாடகத்துறையில் முதுகலை நிலைப் படிப்பும் ஆய்வும் உண்டு. மாநில ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம்.

தேசிய நாடகப் பள்ளி, தில்லி: 1959இல் தொடங்கியது. 3 ஆண்டு முழுநேரப் பட்டயம். பட்டம் முடித்து, மேடை அனுபவத்தோடு போக வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் புரிய வேண்டும். பெங்களூரிலும் இதற்கு ஒரு மையம் உண்டு.

உதவித்தொகை: 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளங்கலைஞர்களுக்கு மத்திய பண்பாட்டு அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுகள் தரும் திட்டத்தில் நாடகமும் அடக்கம்.

அந்த இரண்டு ஒதுக்கீட்டு எண்களையும் மலைப்பிள்ளை கூர்ந்து பார்க்க வேண்டும். 20 பேர் படிக்கும் வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 1 சதவீதம் முழுதாக ஓர் இடத்துக்குக் கூட வராது. 7.5 சதவீதம் என்றால் ஒன்றரை இடம். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்குத் தஞ்சையைவிடப் புதுவையின் கதவு கொஞ்சம் அகலம்.

வகுப்பில் என்ன நடக்கிறது?

உடம்பிலிருந்து தொடங்குகிறது. நிற்பது, நடப்பது, விழுவது, விழுந்து அடிபடாமல் எழுவது. பிறகு மூச்சு, குரல். தொண்டையால் கத்துகிறவனுக்கு மூன்றாவது காட்சியில் குரல் கட்டிவிடும். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுக்கப் பழகியவன் விடியும்வரை பாடுவான். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் கூத்தில் மைக் இல்லாத காலத்திலேயே கடைசி வரிசைக்குக் கேட்டது இந்த வித்தையால்தான்.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு சொல்கிறது. நகையில் தொடங்கி உவகையில் முடியும் பட்டியல். அதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய தமிழ் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 'இளிவரல் என்றால் என்ன, எழுந்து நின்று காட்டு' என்று கேட்கும் இடம் நாடக வகுப்புதான். அவமானப்பட்டவனின் தோள் எப்படி இறங்கும், அவன் கை எங்கே போய் ஒளியும் என்று தன் உடம்பிலேயே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சூத்திரம் உடம்புக்குள் இறங்குவதை நேரில் பார்த்தால், இலக்கியத்தை இத்தனை நாளும் பாதிதான் படித்தோம் என்று தோன்றும்.

ஒளியையும் அப்படியே கற்கிறார்கள். தலைக்கு நேர்மேலே ஒரு விளக்கைப் போட்டால் நடிகரின் கண் இரண்டும் கருங்குழியாகிவிடும். முன்பக்கம் இரு புறமும் 45 பாகைக் கோணத்தில் இரண்டு விளக்குகள், ஒன்று சற்று வெதுவெதுப்பான நிறம், மற்றொன்று குளிர்ந்த நிறம் என்று வைத்தால் முகம் உயிர்பெறும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1930களில் எழுதிவைத்த முறை இது. இன்றும் உலகம் முழுக்க ஒளி வகுப்பு இதில்தான் தொடங்குகிறது. நம்மூர்க் கூத்தில் ஆளுக்கு இரு பக்கமும் பந்தம் பிடித்த காலத்தில், முகத்தில் ஏறக்குறைய இதே ஒளிதான் விழுந்திருக்கும். இந்த ஒப்பீட்டை ஒரு மாணவன் தானே கண்டுபிடிக்கும் நாள் அவனுக்குப் பட்டம் கிடைத்த நாளுக்குச் சமம் என்பேன்.

■ இளங்கோ தந்த அளவு

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மேடைக்குக் கணக்கு இருக்கிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல். ஒரு கோல் என்பது 24 விரல். நுழைய ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல். மூன்று விதத் திரைகள்: ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரு பக்கமிருந்து வந்து கூடுவது, மேலிருந்து இறங்குவது. தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்ற ஒளியமைப்பு விதியும் உண்டு. மாதவி படித்தது 7 ஆண்டு. அரங்கேறியது 12 வயதில்.

பட்டம் வாங்கியவர் எங்கே போகிறார்?

அம்மாவின் கேள்விக்கு வந்துவிட்டோம். நேராகச் சொல்கிறேன். நாடகப் பட்டதாரிக்கென்று அரசு வைத்திருக்கும் நாற்காலிகள் மிகக் குறைவு. பல்கலைக்கழகத் துறைகள் சில. அவற்றில் நிரந்தர இடம் காலியாவது அபூர்வம். தேசியத் தகுதித் தேர்வில் நிகழ்த்துகலையில் நாடகத்துக்கும் இடம் உண்டு. தேறியவருக்கு விண்ணப்பிக்க இடம்தான் கிடைப்பதில்லை.

சினிமா சிலரை ஏற்றுக்கொள்கிறது. மு. இராமசாமியையே பாருங்கள். பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, 2019இல் வெளியான 'கே.டி.' படத்தில் கருப்புதுரையாக வந்து எத்தனை பேரை அழவைத்தார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் கூத்துப்பட்டறையிலிருந்து போனவர்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சினிமா இவர்களை அழைத்தது பட்டத்தைப் பார்த்து அல்ல, மேடையில் பார்த்து. நாடகத்துறையில் சேர்ந்தால் சினிமாவில் இடம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

பலர் தனி வழி போட்டுக்கொள்கிறார்கள். புதுவை நாடகப் பள்ளி வழி வந்த வேலு சரவணன் 'ஆழி' குழுவோடு பள்ளி பள்ளியாகப் போய்க் குழந்தைகளுக்கு நாடகம் போட்டதே ஒரு பெரும் சாதனை. கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' தலித் அரங்குக்கு வாசல் திறந்தது. அவர் அந்தப் பள்ளியில் பேராசிரியராகவும் இருந்தார். சே. இராமானுஜம், திருக்குறுங்குடி நம்பி கோயிலில் நலிந்துகிடந்த கைசிக நாடகத்தை நடனக் கலைஞர் அனிதா ரத்னத்தோடு சேர்ந்து 1999இல் மீட்டெடுத்தார். நாடகம் படித்த ஓர் ஆள் ஊருக்குள் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? கார்த்திகை ஏகாதசி இரவில் அந்த மண்டபத்தில் பாணரான நம்பாடுவானின் கதை நடக்கும்போது, அதன் பின்னால் ஓர் ஆய்வாளரின் ஓலைச்சுவடிப் படிப்பும் ஓர் இயக்குநரின் ஒத்திகையும் நிற்கின்றன.

இவையெல்லாம் தனிமனிதர் சாதனைகள். ஆண்டுதோறும் வெளியே வரும் பட்டதாரிகள் எல்லோரும் இராமானுஜம் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் எங்கே இருக்கிறது என்பதற்கு விடை கடல் தாண்டி இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அது ஒரு பாடம்

இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பள்ளிப் பாடம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தேர்வு எழுதலாம். நம்மூர்ப் பிள்ளை பிளஸ் டூவில் வணிகவியல் எடுப்பதுபோல யாழ்ப்பாணத்துப் பிள்ளை நாடகம் எடுக்கும். பாடம் இருந்தால் ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் வேண்டுமென்றால் அவரைப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகத் துறை வேண்டும். சங்கிலி அறுபடாமல் இருக்கிறது.

அது தானாக நடக்கவில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானார். கார்த்திகேசு சிவத்தம்பி பண்டைத் தமிழர் நாடகத்தை ஆய்ந்து இங்கிலாந்தில் முனைவர் பட்டம் பெற்றார். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கினார். அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல், போர் சூழ்ந்துவந்த நாட்களில், ஊர் ஊராக ஆடப்பட்டது. போர், இடப்பெயர்வு, பசி எல்லாவற்றுக்கும் நடுவில் அங்கே நாடகம் பாடத்திட்டத்தில் நிலைத்து நின்றது. நமக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. நாம் ஏன் செய்யவில்லை?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அந்தக் குறைந்த சம்பளப் பட்டியலில் கூட நாடகம் தனிப் பாடமாக நிற்கவில்லை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, நாடகப் போட்டியும் உண்டு. நல்ல காரியம். மாநில அளவில் பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது கண் நிறைகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் குரலை எப்படி எடுப்பது என்று சொல்லித்தந்தது யார்? பெரும்பாலும் தமிழாசிரியரோ அறிவியல் ஆசிரியையோ, தங்கள் ஓய்வு நேரத்தில், தெரிந்த மட்டும். அவர்கள் கையெடுத்துக் கும்பிடத் தக்கவர்கள். அவர்கள் பக்கத்தில் பயின்ற ஒரு நாடக ஆசிரியரை நிறுத்துவது அரசின் கடமை. ஒன்றியத்துக்கு ஒருவர் என்று தொடங்கினால் போதும். தஞ்சையிலும் புதுவையிலும் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போன எத்தனையோ பேர் அடுத்த நாளே வந்து நிற்பார்கள்.

காவலூருக்குக் கீழே திருப்பத்தூரில் ஓர் எடுத்துக்காட்டு கண்முன்னால் இருக்கிறது. 1951இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர் கி. பார்த்திபராஜா 'மாற்று நாடக இயக்கம்' நடத்துகிறார். மாணவன் வாங்குவது தமிழிலக்கியப் பட்டம்தான். ஆனால் ஓர் ஆசிரியர் மனம் வைத்ததால், இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மேடை பழகிவிட்டது. ஒரே ஓர் ஆசிரியர்!

வாத்தியாரும் பேராசிரியரும்

இன்னொரு பக்கம் இருக்கிறது. களத்தோரம் உட்கார்ந்திருந்த தாய்மாமன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பாரதக் கூத்தில் பத்து நாள் கதையும் பாட்டோடு அவருக்கு மனப்பாடம். துரியோதனன் படுகளம் வரைக்கும் தாளம் தப்பாது. இவர் ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆசிரியராக முடியுமா? முடியாது. பட்டம் இல்லை. விருந்தினராக இரண்டு வாரம் போய்ச் சொல்லித்தரலாம், பயணப்படி வாங்கிக்கொண்டு திரும்பலாம். புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துத்தான் ந. முத்துசாமியின் நாடக வாழ்க்கையே திசை மாறியது. நம் நவீன நாடகத்தின் ஆசான்களில் பலர் பட்டம் இல்லாதவர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் 'நடைமுறைப் பேராசிரியர்' என்று ஒரு வழி திறந்தது. துறையில் தேர்ந்தவருக்குப் பட்டம் கட்டாயமில்லை என்கிறது அது. கூத்து வாத்தியார்களுக்கு அந்த வழியை நம் நாடகத்துறைகள் பயன்படுத்த வேண்டும். வாத்தியார் இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் இது.

பெண் பிள்ளை என்றால்

பையனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அண்ணன் சுழலும்போது திண்ணையிலிருந்து அவள் கால் தாளம் போடுவதைப் பார்த்தேன். "நீ ஆடுவியா?" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். கூத்தில் பெண் வேடம் ஆண்கள் கட்டுவதுதான் வழக்கம். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே கூரையின்கீழ். அங்கே பெண்கள் துரியோதனன் வேடம் கட்டி ஆடினார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப இன்னும் ஒன்று வரவில்லை.

'நாடகக்காரி' என்ற சொல்லை வசையாக வைத்திருக்கும் சமூகத்தில், ஒத்திகை முடிந்து இரவு பத்து மணிக்கு விடுதிக்குத் திரும்பும் மாணவி சுமக்கும் பாரம் வேறு. சுசான் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மதுரை ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி, அந்த அவமதிப்பைப் பற்றியே 2005இல் ஒரு புத்தகம் எழுதினார். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஒரு பெரும் பயன் உண்டென்றால் அது இங்கேதான். மகள் எம்.ஏ. படிக்கிறாள், நாடகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று அப்பாவால் ஊருக்குள் சொல்ல முடிகிறது. அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ கதவுகளைத் திறந்திருக்கிறது.

முறமும் தாளும்

அந்திக் கருக்கலில் அம்மாவிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. வேலை நிச்சயமில்லை என்றும் சொன்னேன். மேலே போய்ப் படித்தால் கல்லூரியில் வாய்ப்பு உண்டு, பள்ளியில் இடம் கேட்டுப் போராட வேண்டியிருக்கிறது, தனியாகக் குழு வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவர் சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆஸ்டல் இருக்குதா சார்?"

"இருக்குதும்மா."

"பரீட்ச எப்ப?"

"டிகிரி முடிக்கிற வருஷமே எழுதலாம்."

முறத்தைத் திண்ணையில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பும்போது கையில் ஒரு பாலிதீன் கவர். அதற்குள் மகனின் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள். சான்றிதழுக்கு எத்தனை முறை மலை இறங்கி ஏறினோம் என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டினார்.

"நீங்க சொன்ன ஊரு பேரு, பரீட்ச பேரு, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தேன். வாங்கி, எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்துப் பார்த்தார். நான்காக மடித்து, சான்றிதழுக்குப் பின்னால் செருகி, கவரின் வாயை இரண்டு முறை சுருட்டி நூலால் கட்டினார்.